நெருப்புக்கு அறுபது நாள் விடுப்பு

சிலம்பாறையில் நெருப்பு விடுப்பில் போன கோடையைப் பற்றி மலையடிவாரத்துக்காரர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், மலைமேல் இருப்பவர்கள் சொன்னால் கொஞ்சம் மறைத்துத்தான் சொல்வார்கள். எதை மறைக்கிறார்கள் என்பது போகப்போகத் தெரியும். ஆனால் அந்த விடுப்பு எப்படி வந்தது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை கிடையாது. அது சுகிர்தாவின் வாயால் வந்தது.

சுகிர்தா சிலம்பாறை மலை ரயிலில் ஃபயர்மேன். நூறு வருஷத்துக்கு மேலாக ஓடும் அந்தப் பாரம்பரிய ரயிலில், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட வந்த முதல் பெண். காகிதத்தில் அந்த ரயிலுக்கு எட்டு நீராவி எஞ்சின்கள் இருந்தன. அவற்றில் ஐந்து, பாய்லர் குழாய் வரும் வரும் என்று பணிமனையில் காத்து நின்றன; காத்து நின்றதில் ஒன்றின் புகைபோக்கிக்குள் மைனாக்கள் மூன்று தலைமுறை பார்த்துவிட்டன. ஒன்றுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து நிலைய வாசலில் மேடை கட்டி ஏற்றியிருந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று ஏதோ கண்காட்சிக்குப் போயிருப்பதாகக் கோப்பு சொன்னது. அந்தக் கோப்பையும் காணோம். ஆக, ஓடுவது ஒன்றே ஒன்று, ஆறாம் நம்பர். அதற்கு டிரைவர் மாசிலாமணி, ஃபயர்மேன் சுகிர்தா. சித்திரை கடைசியில் பாய்லர் ஆய்வாளர் வருவார். அவர் முன்னால் ஆறாம் நம்பர் ஆவி கட்டி நின்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதற்கும் மேடை, அதற்கும் பச்சைப் பெயிண்ட். பாதையில் டீசல் எஞ்சின் வந்துவிடும், டீசலுக்குக் கரி அள்ள ஆள் வேண்டாம், சுகிர்தா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இது இப்படியிருக்க, பங்குனி வெயிலில் மலைச்சரிவின் புல்லெல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்துகிடந்தது. ஆறாம் நம்பர் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம் புகைபோக்கியிலிருந்து பொறி பறந்தது, பறந்த பொறி புல்லில் விழுந்தது, ஒரே வாரத்தில் சரிவு இரண்டு முறை பற்றிக்கொண்டது. வனத்துறை ஓலை மேல் ஓலையாக அனுப்பியது. தலைமை அலுவலகம் யோசித்து ஓர் ஆணை போட்டது: அறுபது நாள் நீராவி கிடையாது, ஆய்வு நாளன்று மட்டும் கொட்டகைக்குள் ஆவி கட்டலாம், அதுவரை ஃபயர்மேனுக்குக் கட்டாய விடுப்பு.

அதைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டியவர் தலைமை எழுத்தர் குலசேகரன். சுகிர்தா வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் அவர் தலையில் மிச்சமிருந்த முடியும் போயிருந்தது. காரணம், எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அவள் அதே இடத்தில் விரலை வைப்பாள்.

"சார், இது யாருக்கு?"

"உனக்குத்தாம்மா."

"ஃபயர்மேன்னு போட்டிருக்கு. நான் மேன் இல்லையே."

"அது பதவிம்மா. பேரு இல்ல."

"அப்போ நாளைக்கு ஒரு ஆம்பளை நர்ஸை ‘சிஸ்டர் முருகேசன்’னு எழுதுங்க. அவர் கையெழுத்துப் போட்டார்னா நானும் போடறேன்."

குலசேகரன் ஃபயர்வுமன் என்று எழுதிப் பார்த்தார். அது தலைமை அலுவலகப் பட்டியலில் இல்லை என்று திரும்பி வந்தது. ஃபயர்கேர்ள் என்று எழுதிப் பார்த்தார். அதற்கு அவள் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பேசினாள், அவரும் மரியாதைக்கு எழுந்து நின்று கேட்டார். இந்த முறை அவர் உஷாராகிவிட்டார். வம்பே வேண்டாம் என்று ‘மேன்’ என்பதை அடித்துவிட்டார். ‘ஃபயருக்கு’ என்று மொட்டையாக நின்றது. ஆணையில் ஆங்கிலச் சொல் கூடாது என்ற விதி அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. திருத்தினார். அதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார், அவர் எதையும் படிப்பதில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஆணை ஏறியது:

*தீ அபாயத்தை முன்னிட்டு நெருப்புக்கு இன்று முதல் அறுபது நாள் விடுப்பு அளிக்கப்படுகிறது.*

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு நிலையத்து டீக்கடையில் ஹனீபாவின் பால் பொங்க வந்து, விளிம்புவரை வந்து, பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி உள்ளே இறங்கிப் போய்விட்டது. அடுப்பில் நெருப்பு இல்லை. தீக்குச்சியை உரசினார்; சாக்பீஸ் மாதிரி தேய்ந்தது. அன்று முழுக்க ஊர் சிலிண்டர்காரனைத் திட்டியது. செவ்வாய்க்கிழமை தீக்குச்சிக் கம்பெனியைத் திட்டியது. புதன்கிழமை யாரோ பலகையைப் படித்துச் சொல்ல, "அதான் ஆர்டரே போட்டிருக்கே" என்று ஊர் திட்டுவதை நிறுத்திக்கொண்டது. அரசாங்க முத்திரை குத்திய காகிதம் ஒன்று கண்ணெதிரே இருக்கும்போது ஆச்சரியப்படுவதற்கு என்ன இருக்கிறது?

டிரைவர் மாசிலாமணி தொழிற்சங்கக் கிளைச் செயலாளரும்கூட. அவர் அதை வரவேற்றே பேசினார். "நூறு வருஷமா ஒரு நாள் லீவு போட்டிருக்கா அது? மழைன்னும் பார்க்கல, பண்டிகைன்னும் பார்க்கல. போயிட்டு வரட்டும் தோழர்களே."

"அண்ணே, அது என் லீவு" என்றாள் சுகிர்தா.

"உனக்கு வேணாம்னுதானே சண்டை போட்டுக்கிட்டிருந்தே?"

"வேணாம்னு நான் சொல்லணும். அதுவா எடுத்துக்கிட்டுப் போகலாமா?"

இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. ரயில்வே ஆணை ரயில்வே நிலத்தில்தான் செல்லும். எல்லைக்கல்லுக்கு அப்பால் ஓர் அடி தள்ளி நின்று உரசினால் குச்சி சமர்த்தாக எரிந்தது. உண்ணிப்புதருக்குள் எழுபது எண்பது வருஷமாக மறைந்துகிடந்த எல்லைக்கற்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று எந்தச் சர்வேயரும் கண்டுபிடிக்காததை, ஒரு தீப்பெட்டியோடு நடந்து சிலம்பாறை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. யார் வீட்டு அடுப்பு எரியவில்லையோ அவர் வீடு ரயில்வே நிலத்தில் இருக்கிறது. ரயில்வே குடியிருப்புக்காரர்களுக்கு அதில் வெட்கமில்லை. ஆனால் கடைத்தெருவில் பாதிப் பேர் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பரம்பரைச் சொத்து, பட்டா பெட்டியில் இருக்கிறது என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்த கவுன்சிலர் அய்யாத்துரைக்கு இரண்டு மாடி வீடு, அந்த இரண்டு மாடியிலும் சேர்த்து ஒரு ஊதுபத்திகூட எரியவில்லை.

"நாங்க இயற்கை உணவுக்கு மாறிட்டமுங்க" என்று கவுன்சிலர் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தானாகவே சொன்னார். "பச்சைக் காய்கறி, ஊறவெச்ச அவல். உடம்பு இறகாட்டம் இருக்குது."

"டீயுமாங்க கவுன்சிலரே?" என்றார் ஹனீபா. அவர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் கடை போட்டுவிட்டிருந்தார்.

"டீத்தூளை ஊறவெச்சுக் குடிச்சா அதுல இருக்கற சுகமே தனிங்க" என்ற கவுன்சிலர், யாரும் பார்க்காதபோது எல்லைக்கல் தாண்டிவந்து மூன்று கிளாஸ் குடித்துவிட்டுப் போனார்.

காளி கோயிலில் கருவறை ரயில்வே நிலம், வாசல்படி ஊர் நிலம். பூசாரி படியில் கற்பூரம் ஏற்றிக் காட்டி, "அம்மா கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கோ" என்றார். அம்மன் எட்டிப் பார்த்ததாகவே பெண்கள் சொன்னார்கள். சரிவில் ஒரு புல்கூடப் பற்றவில்லை. வனக்காவலர் காளிமுத்து வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

ஆனால் நெருப்பு விடுப்பில் போனதும் அதோடு சேர்ந்து வேறு யார் யாரெல்லாம் விடுப்பில் போனார்கள் என்பதை ஊர் கவனிக்கப் பத்து நாள் ஆயிற்று. ஆணையில் அவர்கள் பெயர் இல்லை, எந்த ஆணையிலும் இருந்ததில்லை. ரயில்வே நிலத்தில் இருந்த நாற்பத்து மூன்று வீடுகளிலும் நாலரை மணிக்கு எழுந்துகொண்டிருந்த பெண்கள் ஐந்துக்கு எழுந்தார்கள், பிறகு ஆறுக்கு எழுந்தார்கள், பிறகு விடிந்தபின் எழுந்து செய்தித்தாளை நடுப்பக்கம்வரை படித்தார்கள். ஹனீபா கடைக்குப் பக்கத்தில் கல் கூட்டிப் பொது அடுப்பு போட்டிருந்தார்கள். அரிசியும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் யார் நடப்பது? "பசிக்கிறவங்க நடக்கலாமே" என்று கவுன்சிலர் மனைவி கலாவதி சொன்னது எல்லா வீட்டுக்கும் சட்டமாயிற்று. ஆண்கள் குக்கரோடு வரிசையில் நின்றார்கள். குக்கருக்கு எத்தனை விசில் என்பது பற்றி இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

சுகிர்தாவுக்கு மட்டும் இந்தச் சந்தோஷத்தில் பங்கில்லை. விடுப்பு அவள் பெயரில் இல்லையாகையால் தினமும் கொட்டகைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, குளிர்ந்த ஆறாம் நம்பருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கரியைப் பெரிசு சிறிசாகப் பிரித்து அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து அடுக்கினாள். ஆய்வாளர் வரும் தேதியைச் சுண்ணாம்பால் சுவரில் எழுதிவைத்திருந்தாள். அந்தத் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது குலசேகரனிடம் போனாள்.

"ரத்து பண்ணுங்க சார்."

"பண்ணலாம்மா. விடுப்பு ரத்து ஆணையைச் சம்பந்தப்பட்டவர்கிட்ட நேர்ல கொடுத்து, கிடைச்சுதுன்னு தெரிஞ்சுக்கணும். சம்பந்தப்பட்டவர் எங்க?"

சம்பந்தப்பட்டவர் மூன்றாம் நாள் தானாகவே வந்தது. கிழக்கு மலையில் யாரோ தேனெடுக்கப் போய் மூட்டிய தீ, இரண்டு பகல் காட்டைத் தின்றுகொண்டே சரிவுக்கு வந்து, எல்லைக்கல் வரிசையைக் கண்டதும் நின்றுவிட்டது. அணையவில்லை, தாண்டவுமில்லை. அரை மைல் நீளத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு, விடுப்பில் இருக்கும் ஊழியர் அலுவலக வாசலில் நின்று உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப்பார்க்கிற மாதிரி, லேசாக ஆடிக்கொண்டு நின்றது. கல்லுக்கு இந்தப் பக்கம் காய்ந்த புல். புல்லுக்குக் கீழே ஊர்.

காளிமுத்து செருப்பைக்கூடப் போடாமல் சுகிர்தாவிடம் ஓடிவந்தார். "அம்மா, உன் கால்ல விழறேன். ரத்துங்கற வார்த்தையை மட்டும் சொல்லிடாதே. சொன்னா அது டூட்டிக்கு வந்துரும். வந்தா முதல்ல இந்தப் புல்லு, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் உன் கொட்டகை."

சுகிர்தா வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை மாசிலாமணி அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார், பயந்துபோனார். "விடு பாப்பா. மேடையில ஏத்தட்டும். எனக்கும் ரிட்டயர் ஆகற வயசு."

"உங்களுக்கு அம்பத்தெட்டு. எனக்கு இருபத்தெட்டு. உங்க வயசுக்கு ஏத்த பேச்சை நான் எப்படிண்ணே பேசறது?" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று அலுவலகத்துக்கு நடந்தாள். நடக்க நடக்க யோசனை வந்தது. ரத்து வேண்டாம். விடுப்பு பாட்டுக்கு இருக்கட்டும். விடுப்பில் இருக்கிற ஆளை அவசரத்துக்கு ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளத் தனிப் படிவம் ஒன்று இருக்கிறதே! மாசிலாமணியையே இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெயர், பணியிடம், பொறுப்பாளர், மூன்றே கட்டம்.

குலசேகரன் பேனாவைத் திறந்தார். "பெயர், நெருப்பு. பணியிடம்?"

"ஆறாம் நம்பர் எஞ்சினோட ஃபயர்பாக்ஸ்."

"ஆங்கிலம் கூடாதும்மா. தீப்பெட்டின்னு போடறேன்."

"ஐயோ சார்! தீப்பெட்டின்னா ஊர்ல இருக்கற அத்தனை தீப்பெட்டிக்கும் வந்து உக்காந்துக்கும். ஒரு பெட்டியை ஒருத்தன் புல்லுல போட்டான்னா முடிஞ்சுது."

"அப்போ அடுப்பு?"

"அடுப்புன்னா எல்லா வீட்டுக்கும் போயிரும்."

"உலை?"

"கொல்லன் பட்டறைக்குப் போகும்."

மூன்று மணி நேரம் அவர்கள் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டார்கள். அகராதி வந்தது, அகராதியில் இருந்ததெல்லாம் ஆபத்தாக இருந்தது. கடைசியில் குலசேகரன் களைத்துப்போய், "காலையிலேர்ந்து சாப்பிடலம்மா, வயிறு எரியுது" என்றார். சுகிர்தா மேஜையைத் தட்டினாள்.

"அதேதான் சார். வயிறு."

*பணியிடம்: ஆறாம் எண் எஞ்சினின் வயிறு.*

மூன்றாவது கட்டத்தில் அதிகாரி தன் பெயரைப் போடச் சொன்னார். பொறுப்பாளர் என்றால் நெருப்பைக் கையால் வாங்கி, கூடவே இருந்து தீனி போட வேண்டும் என்று சுகிர்தா விளக்கியதும் வேண்டாம் என்றார்.

"உன் பேரையே எழுதிடறேன்" என்ற குலசேகரனின் பேனா அந்தரத்தில் நின்றது. "பதவி… என்னன்னு…"

"வெறும் பேரு போதும் சார்."

மறுநாள் காலை, ஆய்வாளர் வருவதற்கு ஆறு மணி நேரம் இருக்கையில், சுகிர்தா கரி அள்ளும் நீளக்காம்புச் சட்டுவத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லுக்குப் போனாள். ஊரே பாதுகாப்பான தூரத்தில் நின்றது. கவுன்சிலர் அதைவிடவும் பாதுகாப்பான தூரத்தில் நின்றார். அவள் ஆணையைப் பிரித்து உரக்கப் படித்தாள். நெருப்பு ஆடாமல் கேட்டது.

"முழுசா வரச் சொல்லல" என்றாள் அவள். "லீவு உன்கிட்டயே இருக்கட்டும். அது என் லீவு, அதைப் பத்தி நாம அப்புறம் பேசிக்கலாம். இப்போ ஒரு சட்டுவம் அளவு வந்தாப் போதும். வேற எங்கயும் கால் வெக்கக் கூடாது. வயித்துல மட்டும்."

அரை மைல் நெருப்பும் ஒருமுறை தனக்குள் குனிந்தது. பிறகு அதிலிருந்து ஒரு கோழி அளவுக்குப் பிரிந்து, கல்லைத் தாண்டி, சட்டுவத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அங்கிருந்து கொட்டகைக்கு ஒன்றரை மைல். இடுப்பளவு புல் நடுவே ஒற்றையடிப் பாதை. எதிர்க்காற்று. பின்னால் வந்த மாசிலாமணிக்கு அந்த ஒன்றரை மைலும் மூச்சு இல்லை. காற்று அடித்தபோதெல்லாம் சட்டுவத்திலிருந்து பொறி தெறித்துப் புல்லில் விழுந்தது. விழுந்த பொறி, இது என் பணியிடம் இல்லையே என்பதுபோல ஒரு கணம் திகைத்துப் பார்த்துவிட்டுச் சாம்பலாயிற்று. சுகிர்தாவின் புருவம் கருகியது, அவள் வழி நெடுக அதனோடு பேசிக்கொண்டே போனாள். என்ன பேசினாள் என்று கேட்டால் மாசிலாமணி இன்றைக்கும் சொல்வார்: "பேசினாளா? அதுகிட்டயும் சண்டைதான் போட்டா. அது பதில் பேசாம வந்தது பெரிய மனசு."

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆறாம் நம்பர் ஆவி கட்டி நின்றது. பாய்லர் ஆய்வாளர் சுத்தியலால் தட்டினார், அழுத்தமானி முள்ளைப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், புகைபோக்கிக்கு மேலே கையை நீட்டினார். கையில் விழுந்த பொறி குளிர்ந்திருந்தது. "பொறி சுடலையே?" என்றார்.

"அதுக்கு வெளியில வேலை இல்லைங்க" என்றார் மாசிலாமணி.

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எல்லைக்கல்லில் நின்ற மிச்ச நெருப்பும் தின்ன எதுவும் இல்லாமல் இரண்டு நாளில் அடங்கியது. வெளியே விழும் பொறி சுடாது என்றால் காட்டுத்தீ பயமும் இல்லை. மறுவாரமே ரயில் ஓடலாம் என்று தலைமை அலுவலகம் சொன்னது. கூடவே, இவ்வளவு முக்கியமான எஞ்சினுக்கு அனுபவம் உள்ள ஆள் வேண்டும் என்று சமவெளியிலிருந்து இருபத்தைந்து வருஷ அனுபவஸ்தர் ஒருவரையும் அனுப்பியது. அவர் அள்ளிப் போட்ட கரிமேல் நெருப்பு, வயிறு நிறைந்த பூனை மாதிரி கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. மூன்று நாள் போட்டுப் பார்த்தார். நாலாம் நாள் அவர் சட்டுவத்தைச் சுகிர்தா கையில் கொடுத்துவிட்டு, "ஆர்டர்ல உங்க பேருதாங்க இருக்குது" என்று சொல்லி அடுத்த வண்டியில் இறங்கிப் போனார்.

அறுபது நாள் முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. முடிந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஆனால் குக்கரோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இரண்டு வாரம் என்பது இரண்டு யுகம். எஞ்சினுக்கு வந்த நெருப்பு நம் வீட்டுக்கு வராதா என்று நாற்பத்து மூன்று குடும்பத் தலைவர்களும் அலுவலகத்தில் கூடினார்கள். சுகிர்தா அப்போது கைகழுவிக்கொண்டிருந்தாள்.

"படிவம் அங்கதான் இருக்கு" என்றாள். "மூணே கட்டம்."

*பணியிடம்: வீட்டுச் சமையலறை அடுப்பு.* மூன்றாவது கட்டம் வந்ததும் குலசேகரன் தலையைத் தூக்கினார். "பொறுப்பாளர் யாருங்க? வீட்டம்மா பேரைப் போட்டுடலாமா?"

"ஏங்க, குடும்பத் தலைவர்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப?" என்றார் கவுன்சிலர். படிவத்தை வாங்கித் தன் பெயரை, தகப்பனார் பெயரை, வார்டு எண்ணைப் போட்டு, அழுத்திக் கையெழுத்திட்டார். மற்ற நாற்பத்திரண்டு பேரும் அவருக்குப் பின்னால் பேனாவுக்கு முந்திக்கொண்டார்கள். சுகிர்தா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு, இவ்வளவு காலம் பேசிப் பேசிச் சொன்னதை இவர்கள் எழுதியே தெரிந்துகொள்ளட்டும் என்று மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் ஏழரை மணி வண்டி. ஆறாம் நம்பர் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு குடியிருப்பைக் கடந்து ஏறும்போது சுகிர்தா எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று சமையலறை ஜன்னல்களிலிருந்தும் தாளிப்புக் கருகும் வாசனை வந்தது. நாற்பத்து மூன்று ஆண்குரல்கள் இருமின. மூன்று வருஷமாக இதே ஜன்னல்களைக் கடக்கிறாள், இப்படி ஓர் இருமல் கேட்டதில்லை. இரண்டு மாடி வீட்டின் வெளிப்படியில் கலாவதி கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, டீயா?" என்று கத்தினாள் சுகிர்தா.

"டீன்னுதான் சொல்றாரு" என்றாள் கலாவதி. "சக்கரையும் இல்ல, திக்கும் இல்ல. திருப்பிப் போடச் சொல்லியிருக்கேன்."